மருந்தக்கா சொன்னது

என் தம்பி கண் பரிசோதனைக்கு வந்ததே ஒரு விளையாட்டுக்காகத்தான் என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு, அவன் மூக்கின்மேல் நான் சோதனைக்காக மாட்டியிருந்த அந்தக் கனத்த வட்டக் கண்ணாடியை இன்னும் ஓர் அழுத்து அழுத்தியிருப்பேன்.

சனிக்கிழமை. கடையில் கூட்டம். வெளியே பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்து என் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருடமாக இந்த இருட்டறைக்குள் உட்கார்ந்து "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு என் வீட்டுக்காரரிடம்கூடச் சட்டை வாங்கும்போது அப்படியே கேட்கிறேன். என் தம்பி லிப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தில் வேலையை முடித்துவிட்டு, கிரீஸ் கையோடு, டூல் பையை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்திருந்தான்.

தூரத்து எழுத்தெல்லாம் கடகடவென்று படித்தான். கிட்டத்தில் பிடித்துப் படிக்கும் அட்டையைக் கொடுத்தேன். கையை நீட்டமாக நீட்டிப் பிடித்தான்.

"கையை மடக்குடா."

"மடக்கினா எழுத்து ஓடுதுக்கா."

"ஏழு கழுதை வயசாச்சு, ஓடாம என்ன செய்யும்? நாற்பத்தொண்ணுல எல்லாருக்கும் வர்றதுதான். ப்ளஸ் ஒண்ணு போதும். லிப்ட்ல வயர் எல்லாம் தெரியுதா இல்லையா? எவனையாவது பாதியில தொங்கவிட்டுடாதே."

"வயரெல்லாம் நல்லாத் தெரியுது. கேம்ல வர்ற எழுத்துதான் எறும்பு மாதிரி இருக்கு."

"எந்த கேம்?"

"நம்ம மருந்தக்கா கேம்தான். புதுசா போட்டிருக்காங்கக்கா! அதே படம், அதே பாட்டு. ஆனா இப்போ இங்கிலீஷ்ல எழுத்து வருது. இனிமே நீ கதை விட முடியாது!"

என் கையிலிருந்த லென்ஸ் மேஜையில் விழுந்து உருண்டது. நல்லவேளை, உடையவில்லை.

"சின்னத் திரையில, கையில வச்சு ஆடினா கண்ணு வலிக்குது. உன் வீட்டு டிவி பெருசு. ஞாயிற்றுக்கிழமை வர்றேன், ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுவோம். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும்," என்று சொல்லிவிட்டு, பவர் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டான். அடுத்து வந்த பெரியவருக்கு நான் ஒரே லென்ஸை மூன்று தடவை மாற்றிப் போட்டேன். அவர் பாவம், மூன்று தடவையும் "இது கொஞ்சம் பரவாயில்லைம்மா" என்றார்.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினொன்று, அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது, அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடும் ஒரு பழைய பெட்டியையும் ஒரே ஒரு கேசட்டையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வாள், மாயம், குகை, கப்பல், பூதங்களின் ராஜா, உலகம் அழியப்போகிறது என்று ஒரு நீளக் கதை. ஜப்பான்காரர்கள் செய்தது. எழுத்து முழுக்க ஜப்பானிய எழுத்து.

ஆறு வயதுக்காரன் என்ன செய்வான்? "அக்கா, படி" என்றான். அவனுக்குத் தமிழே அப்போது எழுத்துக் கூட்டித்தான் வரும். நான் எதையும் படிப்பேன் என்பது அவன் நம்பிக்கை. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் படித்தேன். திரையில் ஒரு கட்டம் நிறைய எழுத்து வந்தால் நீளமாகப் பேசினேன், ஒரு வரி வந்தால் சுருக்கமாகப் பேசினேன். ஆட்டத்தில் நான்கு பேர். தலை முள்முள்ளாக இருந்தவன் முள்ளுத்தலை. கவசம் போட்டவன் தடியன். கோல் பிடித்த மந்திரவாதி, காற்றடித்தால் விழுந்துவிடுவான் போலிருந்ததால், நோஞ்சான். வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு அடிபட்டவர்களுக்கெல்லாம் பச்சை வெளிச்சம் விட்டுக் குணப்படுத்துகிறவள் மருந்தக்கா. பூதராஜா முன்னொரு காலத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து வேலை போனவன் என்பது என் கண்டுபிடிப்பு.

எழுத்தின் வடிவத்தை வைத்தே ஆடினோம். மேலிருந்து நான்காவது, பல்லி மாதிரி இருப்பது "ஓடிப்போ". கொக்கி போட்டது "விற்கவா?" அந்தக் கொக்கியைத் தெரிந்துகொள்வதற்குள் இருந்ததிலேயே நல்ல வாளைக் கடைக்காரனுக்கு விற்றுத் தொலைத்துவிட்டு, ரெண்டு பேரும் மூன்று நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

பத்து வயதில் அவனுக்கு உண்மை தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தான். என் கல்யாணத்தில் என் வீட்டுக்காரரிடம் அவன் சொன்ன முதல் விஷயமே, "மாமா, அக்காவுக்கு ஜப்பானிய பாஷை தெரியும், ஜாக்கிரதை" என்பதுதான். முப்பது வருடமாக எங்கள் வீட்டில் இது ஒரு வேடிக்கை. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

ஆனால் அந்த வேடிக்கைக்குள்ளே ஒரு விஷயம் கிடந்தது. அது அவனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

அந்த விளையாட்டு எங்களுக்கு வந்த அதே வருடம்தான் அம்மா வீட்டைவிட்டுப் போனாள். அப்பாவும் அம்மாவும் அடித்துக்கொண்டதில்லை. ஒன்றரை வருடமாகப் பேசிக்கொள்ளவே இல்லை, அவ்வளவுதான். ஒருநாள் காலையில் அம்மாவின் செருப்பு வாசலில் இல்லை. மூன்று மாதம் தம்பிக்குத் தலை வாரி, ஷூ கயிறு கட்டி, அவன் காய்ச்சலுக்கு மருந்து ஊற்றி, எல்லாம் நான்தான். பதினொரு வயதில் எனக்கு வந்த கோபம் இன்றுவரை முழுதாக இறங்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒருநாள் சாப்பாட்டு மணிக்கு அம்மா பள்ளிக்கூட கேட்டில் நின்றாள். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அழுதுகொண்டே, "சனிக்கிழமை நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். தம்பியைக் கூட்டிட்டு வந்துடு. ரெண்டு பேரையும் என்கூடக் கூட்டிட்டுப் போறேன். அப்பாகிட்ட சொல்லாதே" என்றாள். நான் சரி என்றேன்.

சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போயிருந்தார். மூன்று மணிக்குத் தம்பியைக் கூப்பிட்டு டிவி முன்னால் உட்காரவைத்துப் பெட்டியைப் போட்டேன். நான் எதையும் திட்டம் போடவில்லை, சத்தியமாக. அன்றைக்கு ஆட்டத்தில் அந்த இடம் வந்தது. கப்பல் துறையில் மருந்தக்கா நின்று, நான்கு கட்டம் நிறைய ஏதோ பேசிவிட்டு, தனியாக நடந்து போய்விட்டாள்.

"எங்கே போறா? என்ன சொல்றா?" என்று தம்பி பதறினான்.

கடிகாரத்தில் நாலு பத்து. நான் படித்தேன்: "'என்னைத் தேடாதீங்க. வரணும்னு தோணினா நானே வருவேன்'னு சொல்றா."

"நிஜமா வருவாளா?"

"வருவா."

சரி என்று தலையாட்டிவிட்டு ஆட ஆரம்பித்தான். மருந்தக்கா வரவே இல்லை. முள்ளுத்தலை, தடியன், நோஞ்சான் என்று மூன்று பேரை வைத்துக்கொண்டு, பச்சிலையை மூட்டை மூட்டையாக வாங்கிச் சுமந்து, பூதராஜாவை ஒருவழியாகச் சாய்த்தோம். அந்தக் கோடையிலேயே அப்பா வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அம்மாவும் வரவில்லை.

தம்பிக்குப் பத்தொன்பது வயதானபோது சித்தி அம்மாவின் விலாசத்தை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வரணும்னு தோணினா அவங்களே வருவாங்க சித்தி" என்றான். நான் அப்போது டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அது யாருடைய வார்த்தை என்று அவனுக்கே நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது. என்னைப் பிடித்து யாரோ சுவரோடு சேர்த்து அழுத்துவதுபோல இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் என் தம்பி எனக்கு இருக்கமாட்டான் என்று பயம். இப்போது அப்பாவும் இல்லை, இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இனி எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவன் ஒருத்தன்தான்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்துவிட்டான், புதுக் கண்ணாடியோடு. ஒரு நோட்டும் கொண்டுவந்தான். இரண்டு பத்தி: ஒன்று "அக்கா கதை", இன்னொன்று "ஜப்பான்காரன் கதை". ஒவ்வொரு இடத்திலும் எது நன்றாக இருக்கிறதோ அதற்கு ஒரு கோடு. என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். ஞாயிறுதான் அவருக்கு ஓய்வு. எங்களைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் நடுவில ஒரு தட்டுல பிஸ்கட் வச்சுட்டா போதும், குழந்தைங்க காப்பகம்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்தப் பாட்டு ஆரம்பித்தது. இரண்டே வகை 'பீப்' சத்தத்தில் செய்த பாட்டு, அதைக் கேட்டதும் எனக்கு அந்தப் பழைய அறை, தரையின் குளிர்ச்சி, தம்பியின் வாயிலிருந்து வரும் பால் வாசனை எல்லாம் திரும்பியது. இன்றைக்கு வருகிற விளையாட்டுகளில் புல்லுகூட அசைகிறது, வியர்வை தெரிகிறது. என் பக்கத்து வீட்டுப் பெண் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தலை சுற்றியது. இதில் ஒரு மரம் என்றால் பச்சைக் கட்டம், அவ்வளவுதான். மீதி மரத்தை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதனால்தானோ என்னவோ அது இத்தனை வருடம் கழித்தும் நம்முடையதாக இருக்கிறது.

ஆட்டத்தில் வரும் ஒரு கிழவரை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முதல் கிராமத்தில் கிணற்றடியில் நிற்பார். என் கதையில் அவர் மருமகன்மேல் ஐந்து நிமிடம் குறை சொல்வார். வாங்கின சைக்கிளைத் திருப்பித் தரவில்லை என்று. தம்பி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தான்: "'வடக்கே ஒரு குகை உண்டு.' அவ்வளவுதான்க்கா! வேற ஒண்ணும் சொல்லலை!"

"ஐயோ, அந்த மருமகன்?"

"மருமகனே கிடையாது!" அவன் என் பத்தியில் ஒரு கோடு போட்டான். இரண்டாவது ஞாயிறு முடியும்போது எனக்குப் பதினாலு, ஜப்பான்காரனுக்கு ஆறு. பூதராஜா கணக்கு வாத்தியார் இல்லை என்பதை மட்டும் அவனால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. "அவன் முகத்தைப் பாரு, கணக்கு வாத்தியார் இல்லாம வேற யாரு?" என்றான்.

நான் சிரித்தேன். உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்: இந்தக் கோட்டை முடிந்தால் மலை, மலை முடிந்தால் சதுப்பு நிலம், அப்புறம் கப்பல் துறை.

மூன்றாவது ஞாயிறிலிருந்து என் தில்லுமுல்லு தொடங்கியது. "டேய், இப்பவே போக வேணாம். இன்னும் ரெண்டு லெவல் ஏத்திட்டுப் போலாம்" என்றேன். இந்த ஆட்டத்தில் அது உண்டு. முன்னே போகாமல் ஒரே காட்டில் சுற்றிச் சுற்றி வந்து, வருகிற சில்லறைப் பூதங்களை அடித்துக்கொண்டே இருந்தால் பலம் ஏறும். அடித்தால் ஏறும், இன்றைக்கு ஏறவில்லை என்றால் இன்னும் பத்து அடித்தால் ஏறும். யார் மனசும் கோண வேண்டியதில்லை, யாரும் குறுக்கே வந்து உன் உழைப்பைத் தட்டிக்கொண்டு போகமாட்டார்கள். உலகம் நாளைக்கே அழியப்போகிறது என்று அந்த நாட்டு ராஜா கதறுவார். ஆனால் நீ ஒரு மாதம் காட்டில் சுற்றினாலும் உலகம் உனக்காகப் பொறுமையாக அழியாமல் நிற்கும். இப்படி ஓர் உலகம் எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்? தம்பிக்கும் அது பிடிக்கும். நாள் முழுக்க லிப்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, கீழேயிருந்து எவனாவது "இன்னும் எவ்வளவு நேரம்யா" என்று கத்துவதைக் கேட்கிறவனுக்கு, அவசரமில்லாத ஒரு காடு பெரிய சுகம்.

இரண்டு ஞாயிறு அப்படியே ஓட்டினேன். ஐந்தாவது ஞாயிறில் அவனுக்கே பொறுமை போய்விட்டது. "அக்கா, நோஞ்சானே இப்போ தடியன் மாதிரி ஆயிட்டான். போதும், வா." சதுப்பு நிலத்தை அரை மணி நேரத்தில் தாண்டிவிட்டான்.

கப்பல் துறை வந்தது. மருந்தக்கா நின்றாள். நான் பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன்.

"உட்காருக்கா, முக்கியமான இடம்! 'என்னைத் தேடாதீங்க.' இதுல உனக்குத்தான் கோடு விழும்னு நினைக்கிறேன்." கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு, ஆங்கிலத்தைத் தமிழாக்கி மெதுவாகச் சொன்னான்: "'நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேன். மேற்குக் கரையில என் அம்மா வீட்டுல இருப்பேன். தானா திரும்பி வர எனக்குத் தைரியம் கிடையாது. நீங்க வந்து கூப்பிட்டா வர்றேன்.'"

 தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"அடிப்பாவி அக்கா! கூப்பிட்டா வர்றேன்னுதானே சொல்லியிருக்கா! நாம ஒரு தடவைகூடப் போகலையே! மூணு பேரை வச்சுக்கிட்டு, பச்சிலையைச் சுமந்துக்கிட்டு, எவ்வளவு கஷ்டப்பட்டோம்!"

கப்பலை மேற்கே திருப்பினான். கரையில் ஒரு சின்ன வீடு. வாசலில் வெள்ளை அங்கி. போய்ப் பக்கத்தில் நின்றான். கூப்பிடவா, வேண்டாமா என்று கேள்வி வந்தது.

"பாரேன்," என்றான். குரலில் சிரிப்பு இல்லை. "இத்தனை வருஷமா இங்கேயேதான் நின்னுட்டிருந்திருக்கா. எப்பப் போயிருந்தாலும் வந்திருப்பா."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அம்மாவும் கூப்பிட்டாங்கடா," என்றேன்.

முழுவதும் சொன்னேன். கேட், கம்பி, சனிக்கிழமை, நாலு மணி, நாலு பத்து. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. டிவியையே பார்த்துக்கொண்டு கேட்டான். 

"அப்போ," என்றான் கடைசியில், "நான் வர மாட்டேன்னு சொல்லிட்டேன்னு அவங்க நினைச்சிருப்பாங்க. இல்லையாக்கா? ஆறு வயசுல நான் அவங்களை வேணாம்னு சொல்லிட்டேன்னு."

"தெரியலைடா."

"பத்தொன்பது வயசுல என் கையில விலாசம் இருந்துச்சு. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். ஆடிய இடத்தைச் சேவ்கூடச் செய்யவில்லை. தண்ணீர் குடிக்கப் போனால்கூட சேவ் செய்துவிட்டுப் போகிறவன் அவன். வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். கூப்பிடவா, வேண்டாமா என்று திரையில் நின்ற அந்தக் கேள்விக்கு இல்லை என்றும் சொல்லாமல் ஆமாம் என்றும் சொல்லாமல், ஆட்டத்தை வெளியே கொண்டுவந்து நான்தான் சேவ் செய்து அணைத்தேன்.

மூன்று ஞாயிறு அவன் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. "வேலை" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்பினான். கடையில் ஒரு பெண்மணிக்கு இடது கண் பவரை வலதுக்கு எழுதிக் கொடுத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர், "அவன் வருவான், விடு" என்றார். வருவான் என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

நான்காவது வாரம், ஒரு புதன்கிழமை மதியம் போன் வந்தது.

"அக்கா. சித்தி தந்த விலாசத்துக்குப் போய் அம்மாவைப் பார்த்துட்டேன்."

நான் லென்ஸ் பெட்டியை மூடிவிட்டு உட்கார்ந்தேன். "எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க. துணி தைக்கிற கம்பெனியில சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆயிட்டாங்க. தனியா இருக்காங்க. அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்குச் சனிக்கிழமை விஷயத்தைக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவங்க அன்னிக்கு வரவே இல்லையாம்க்கா. பஸ் ஏறவே தைரியம் வரலையாம். 'நீங்க ரெண்டு பேரும் வந்து நின்னு ஏமாந்து போயிருப்பீங்களேன்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டிருந்தேன்'னு சொன்னாங்க."

முதலில் எனக்கு மூச்சு வந்தது. அவ்வளவு பெரிய மூச்சு நான் விட்டு எத்தனை வருடமோ. அப்புறம் அடுத்த மூச்சில் கோபம் வந்தது பாருங்கள்! முப்பத்தைந்து வருடம் நான் என்னையே அறுத்துக்கொண்டு கிடக்கிறேன், இந்த அம்மாள் பஸ்ஸே ஏறவில்லையாம்! வரச் சொன்னது யார்? கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதது யார்?

"விலாசத்தைச் சொல்லுடா," என்றேன். "வர்றேன். நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டுத்தான் மறுவேலை."

"நானே கூட்டிட்டுப் போறேன்க்கா, ஞாயிற்றுக்கிழமை," என்றான் அடக்கமாக.

இரண்டாவது மாடி. அம்மா கதவைத் திறந்தபோது, நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. இவ்வளவு சின்ன உருவமா? என் தோள்வரைகூட இல்லை. "வாங்க, வாங்க" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள், யாரோ ஆபீசிலிருந்து வந்தவர்களைக் கூப்பிடுவதுபோல. மூன்று நாற்காலி போட்டு வைத்திருந்தாள். அதில் ஒன்று புதுசு. ஒட்டிய விலைச் சீட்டு இன்னும் காலில் இருந்தது.

வெயிலா, பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று அவள் கேட்டாள். நான் அதை விட்டுவிட்டு நேராகக் கேட்டேன்.

"அன்னிக்கு நீங்க ஏன் வரலை?"

"எங்கே?"

"பஸ் ஸ்டாண்டுக்கு. வரச் சொல்லிட்டு நீங்க ஏன் வரலை?"

அம்மா விழித்தாள். "வந்தேனே. மூணு மணிக்கே வந்துட்டேன். கடைசி பஸ் ஒன்பதரைக்கு. அதுல ஏறித்தான் திரும்பிப் போனேன்."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

அம்மா ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனாள். நான் அவன் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினேன்.

"ஏன்டா பொய் சொன்னே?"

"கத்தாதேக்கா."

"ஏன்டா சொன்னே?"

"தப்புப் பண்ணிட்டோம்னு நினைச்சுட்டிருந்தா நீ இந்த ஜென்மத்துல இந்தப் படி ஏறியிருக்க மாட்டே," என்றான். "கோபம் வந்தா வருவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

 அவன் கையில் நான் கிள்ளின இடம் சிவந்திருந்தது. "வலிக்குதாடா?" என்றேன். "பின்னே?" என்றான்.

அம்மா தண்ணீரோடு வந்தாள். டம்ளரை வாங்காமலே சொல்லிவிட்டேன். "அம்மா, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் சொல்லலை. அவன் வர மாட்டேன்னு சொல்லலைம்மா. அவனை நான் கூட்டிட்டு வரலை. மூணு மணியிலேர்ந்து அவனை உட்காரவச்சு விளையாட்டுக் காட்டிட்டு இருந்தேன்."

அம்மா டம்ளரைப் புது நாற்காலியின்மேல் வைத்தாள். "தெரியும்," என்றாள். "அன்னிக்கு ஸ்கூல் கேட்டுல நான் சொன்னதைக் கேட்டுக்கிட்ட உன் முகத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது, நீ அவனைக் கூட்டிட்டு வர மாட்டேன்னு."

"தெரிஞ்சுமா ஒன்பதரை வரைக்கும் நின்னே? ஏன்மா நின்னே?"

"அஞ்சு மணிக்கோ ஆறு மணிக்கோ உனக்கு மனசு மாறி, அவனையும் இழுத்துக்கிட்டு ஓடி வந்து, அங்கே நான் இல்லைன்னா?" என்றாள் அம்மா. "அவ்வளவு தூரம் வந்து நீ என்ன பண்ணுவே?"

பதினொரு வயதில் அழாமல் விட்டதையெல்லாம் அங்கே உட்கார்ந்து அழுதேன். தம்பி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள், ஆனால் என்னைத் தொடவில்லை. தொடலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கை பாதி தூரம் வந்து அப்படியே நின்றது. நான்தான் அந்தக் கையைப் பிடித்து இழுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன்.